எடை போட்ட நட்சத்திரங்கள்

என் வாயைப் பற்றி படகுத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீருக்கு மேலே இருக்கும்வரைதான் ஆபத்து, உள்ளே இறங்கிவிட்டால் இவளைப் போல சாது கிடையாது என்று என் கணவர், படகில் ஏறுகிற ஒவ்வொரு கூட்டத்திடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் படகு ஓட்டுகிறார். எல்லோருக்கும் அவர் கேப்டன். நான் ஆட்களைக் கடலுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போய், போனபடியே திருப்பிக் கொண்டுவருகிறவள். இத்தனை வருஷத்தில் என்னோடு இறங்கிய ஒருவருக்கும் சின்னக் கீறலுக்கு மேல் பட்டதில்லை. அதற்குப் பாதிக் காரணம் என் திறமை, பாதிக் காரணம் என் வாய். திட்டு வாங்கியவன் எதையும் மறக்க மாட்டான்.

அந்த வாயைத்தான் ஒரு நாள் முழுக்க மூடி வைத்திருக்கச் சொன்னாள் என் மகள்.

மருந்துப் புட்டி செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும் கண்ணாடிப் புட்டிகளில் விரிசல், குமிழ், கோணல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் அவளைப் பற்றி என்ன எழுதித் தருகிறாரோ, அதைப் பொறுத்துத்தான் இருப்பதும் போவதும். அந்த மேனேஜருக்கு டைவிங் என்றால் பைத்தியம். ஆபீஸிலேயே ஒரு குழு சேர்த்து வைத்திருந்தார். பவளப்பாறையைத் தின்று தீர்க்கிற முள் நட்சத்திர மீன்களை அள்ளுவதற்கு விடுமுறையில் ஒரு நாள் எல்லோரும் போவோம் என்று அவர் சொன்னதும், என் மகள் முந்திக்கொண்டு எங்கள் படகைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்தப் படகில் நானும் இருப்பேன் என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் மாடியில் டைவிங் உடைகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலேயே வந்து நின்றாள். "அம்மா, அவருக்கு என்மேல ஏதோ குறை இருக்கு. என்னன்னு தெரியல. நாளைக்கு நீ வேற எதையாவது சொல்லி வைக்காத."

அவள் பயப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்கு முன்னால் இருந்த வேலையில் அவளை தினமும் இருட்டும்வரை உட்கார வைத்தார்கள் என்று நான் அவளுடைய அதிகாரிக்கு ஃபோன் போட்டேன். பெண்ணை வீட்டுக்கு அனுப்புகிற உத்தேசம் உண்டா, இல்லை தத்து எடுத்துக்கொண்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். வேலை போயிற்று. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நான் ஆரம்பிக்க, நுணலும் தன் வாயால் கெடும் என்று அவள் முடித்துவிட்டாள். என் வயிற்றில் பிறந்தது எப்படி இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியாக ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைக்காரன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வருகிறவள். சரி, ஒரு நாள் தானே என்று வாக்குக் கொடுத்தேன்.

காலையில் படகு நிறைய ஆட்கள். மேனேஜர் ஐம்பது வயதுக்காரர். சொந்த உடை, சொந்த முகக்கண்ணாடி, இடுப்பில் கேமரா. எத்தனையோ கடல்களில் இறங்கியவர் என்பது ஏறி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. வழக்கமாக நான் இறங்குவதற்கு முன்னால் ஒரு பாடம் எடுப்பேன். அதில் பாதி பாடம், பாதி மிரட்டல். அன்றைக்கு மிரட்டலைக் கழித்துவிட்டு மீதியை மட்டும், ரேடியோவில் வானிலை வாசிக்கிற குரலில் சொன்னேன்.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு வகை, முள்கிரீடம். தட்டு அளவு இருக்கும், கைகள் ஒரு டஜனுக்கு மேல், உடம்பெங்கும் விஷமுள். கூட்டமாக வந்து பாறைமேல் படுத்துப் பவளத்தைத் தின்றுவிட்டு, வெள்ளைத் திட்டாக எலும்பை மட்டும் விட்டுப் போகும். கையால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுத்து வலைப்பையில் போட வேண்டும். மற்றதெல்லாம் குடியிருப்பவர்கள், தொட வேண்டாம். இவ்வளவையும் படம் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேனேஜர் அந்த நேரத்தில் கடற்பறவையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தக் கேமரா என் மடியில் இருந்திருக்கும்.

போதாததற்கு என் கணவருக்கு ஒரு யோசனை வந்தது. முள்கிரீடத்தைக் கொட்டி எண்ண முடியாது, குத்தும். அதனால் பையோடு தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பது எங்கள் படகின் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, யார் பை அதிக எடையோ அவர்களுக்கு ஒரு பரிசு என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் அப்போதுதான் கேமராவைக் கீழே வைத்தார். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

புதியவர்களை என்னோடு வைத்துக்கொண்டேன். மேனேஜர், தானும் தன் கூட்டாளியும் பாறைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போவதாகச் சொன்னார். என் கண் பார்வையை விட்டு யாரையும் அனுப்புவதில்லை என்பது என் சட்டம். சரி சார் என்றேன். 

ஆனால் தண்ணீருக்குள் போனதும் எனக்கு எல்லாம் மறந்துவிடும். அன்றைக்கு நல்ல தெளிவு. மணல் திட்டில் கொம்பன்கள் கிடந்தன. கொம்பன் என்பது நாங்கள் வைத்த பெயர். தடித்த ஐந்து கை, முதுகில் வரிசையாகக் கறுப்புக் கொம்பு. பார்த்தால் சண்டியர் மாதிரி இருக்கும், ஆனால் யாரையும் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் மணல் லேசாக அசைந்தால் அது சீப்பு நட்சத்திரம். கைகளின் ஓரமெல்லாம் சீப்புப் பல், உடம்பை மணலுக்குள் புதைத்துக்கொண்டு நகரும். பாறை ஏறினால் நீலக்கையன். அந்த நீலம் வேறு எதிலும் பார்த்ததில்லை, ஒல்லியான நீண்ட கைகளைப் பாறையின் வளைவுக்கு ஏற்ப மடித்துக்கொண்டு படுத்திருக்கும். இடுக்குகளில் பாம்புக்கையன்கள், வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிகிறவை. இவை நட்சத்திர மீனுக்கு ஒன்றுவிட்ட பங்காளிதான், கூடப் பிறந்தவை இல்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என்னோடு வந்த பெண் ஒருத்தி ஒரு பெரிய உருண்டையைக் காட்டி, இது என்ன என்று கையை விரித்தாள். அது தலையணை. கையே கிடையாது; தண்ணீரைக் குடித்து உப்பிப்போன ஐந்து மூலைப் பொட்டலம். அதுவும் நட்சத்திரம்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, அடிப்பக்கத்தில் இருக்கும் ஐந்து கோட்டைக் காட்ட வேண்டும். குனிந்து தரையோடு தலையை வைத்துப் பார்க்கச் சைகை காட்டினேன். பார்த்துவிட்டு அவள் கண்ணாடிக்குள் சிரித்தாள்.

என் கூட்டம் முள்கிரீடத்தைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. மெதுவாக, பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். மேலே வந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மேனேஜர் எங்களுக்கு முன்பே ஏறியிருந்தார். அவருடைய பையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தராசின் முள் ஒரே குதியாகக் குதித்து நின்றது. பரிசு யாருக்கு என்பதில் சந்தேகமில்லை என்று சொல்லிக்கொண்டே என் கணவர் பையைப் படகின் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

மேலே முள்கிரீடம் கொஞ்சம். அதற்குக் கீழே எல்லாம் தலையணைகள். எடை வேண்டுமென்றால் தலையணையை எடுப்பவன் கெட்டிக்காரன், அத்தனையும் தண்ணீர். படகுக்கு வந்ததும் தண்ணீர் வடிந்து, குழிந்து, கிழவன் கன்னம் மாதிரி கிடந்தன. கொம்பன்கள் ஒரு குவியல். ஒரே பையில் போட்டதால் முள்கிரீடத்தின் முள் மற்றவற்றைக் குத்தியிருந்தது. ஒரு நீலக்கையனின் கை தனியாக ஒடிந்து ஓரத்தில் கிடந்தது. மேனேஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படம் எடுங்களேன் என்றார்.

எனக்கு உள்ளே கொதித்தது. காலிலிருந்து காதுவரை ஏறியது. வாயைத் திறந்தால் அந்த மனுஷன் நீந்தியே கரைக்குப் போயிருப்பார். ஆனால் மாதக் கடைசி, அவர் எழுதித் தரப்போகும் காகிதம், மாடியில் நின்ற என் பெண்ணின் முகம் எல்லாம் கண்ணில் நின்றன. கயிற்றை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன். சுற்றியிருந்த கயிற்றைத்தான் பிரித்து மறுபடி சுற்றினேன்.

"ஏம்மா, இதைப் பாத்துட்டுமா பேசாம நிக்கற?"

என் மகள்தான். தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நீதானே பேசக் கூடாதுன்ன."

 அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"சார், இதுல முக்கால்வாசி எடுக்கவே கூடாதது. காலைல அம்மா ஒவ்வொன்னா காட்டினாங்க, நீங்க பறவையைப் படம் எடுத்துக்கிட்டிருந்தீங்க. பரிசெல்லாம் கிடையாது. இதுங்க சாகறதுக்குள்ள திரும்பக் கொண்டுபோய் விட்டாகணும். நீங்களும் வரணும்."

"நானா?"

"எது எங்கேருந்து எடுத்ததுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

 கைதட்ட எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது, கறுத்தது, கடைசியில் அவர் கேமராவைக் கழற்றி வைத்தார். வேலை போயிற்று என்று நான் மனசுக்குள் தலை முழுகிவிட்டேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கணவர் என் காதோரம் வந்து, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

உடனே இறங்க முடியாது. ஏறி வந்த உடம்பு கொஞ்ச நேரம் மேலே இளைப்பாற வேண்டும், அவசரப்பட்டால் ரத்தத்தில் இருக்கும் காற்று பழிவாங்கிவிடும். அதுவரை தொட்டித் தண்ணீர் வெயிலில் சுடாமல் இருக்க வேண்டும். என் மகள் முள்கிரீடங்களை இடுக்கியால் பொறுக்கித் தனிப் பெட்டியில் போட்டுவிட்டு, எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். வாளி வாளியாகக் கடல் தண்ணீர் கை மாறி வந்தது, பழைய தண்ணீர் வெளியே போனது. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, யாரும் தப்பவில்லை. மேனேஜர் கொஞ்ச நேரம் முன்பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. தலையணையும் பவளத்தைத் தின்னும் என்று தான் படித்திருப்பதாகச் சொன்னார். அது உண்மைதான். என் மகள் அதை ஒப்புக்கொண்டாள். தின்னும், ஆனால் அங்கொன்று இங்கொன்றாகத்தான் இருக்கும், தின்கிற அளவைப் பாறை தாங்கிக்கொள்ளும், கும்பலாக வந்து காலி செய்வது முள்கிரீடம் மட்டும்தான் என்று சொன்னாள். நான் சொல்லிச் சொல்லி அவள் காதில் ஏறாது என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயம் எல்லாம் வார்த்தை பிசகாமல் வந்தது. நான் வாளியை வாங்கினேன், கொடுத்தேன். வாக்கு வாக்குதான்.

பிறகு மேனேஜர், என் மகள், நான், மூன்று பேரும் இறங்கினோம். ஆளுக்கு ஒரு பை.

மேனேஜர் முன்னால் போனார். கோபத்தில் இருந்தாலும் எடுத்த இடம் அவருக்கு நினைவிருந்தது. கொம்பன்களை மணல் திட்டில் ஒவ்வொன்றாக இடம்விட்டு வைத்தோம். பைக்கு அடியில் ஒரு சீப்பு நட்சத்திரமும் சிக்கியிருந்தது. மணலில் வைத்ததும் அது ஓரப் பற்களை அசைத்து, கண் முன்னாலேயே மூழ்கி மறைந்தது. நீலக்கையன் ஒன்றை மேனேஜர் அவசரத்தில் மல்லாக்க வைத்துவிட்டு நகர்ந்தார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, பார் என்று காட்டினேன். தண்ணீருக்குள் நான் யாரைப் பிடித்து நிறுத்தினாலும் அது பேச்சில் சேராது.

நீலக்கையன் முதலில் ஒரு கையின் நுனியை மட்டும் சுருட்டியது. நுனியிலிருந்த பொடிப் பொடிக் கால்கள் பாறையைத் தேடின, பிடித்தன. இன்னொரு கை மடிந்தது. எந்த அவசரமும் இல்லாமல், யாருடைய உதவியும் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை மடித்துக்கொண்டு வந்து, கடைசியில் மெல்லப் புரண்டு படுத்தது. மேனேஜர் அதுவரை அசையவில்லை. அடுத்ததிலிருந்து ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து நேராக வைத்தார்.

ஒடிந்த கையை அவர் என்னிடம் நீட்டி, இதை என்ன செய்வது என்று சைகையில் கேட்டார். என் மகள் அதை வாங்கிப் பாறையின் நிழலில் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு வால் நட்சத்திரம் இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். எப்போதோ ஒடிந்து விழுந்த ஒற்றைக் கை, அதன் முனையில் நான்கு குட்டிக் கைகள் மொட்டுப் போல முளைத்து, பார்ப்பதற்கு வால் முளைத்த நட்சத்திரம் மாதிரியே இருந்தது. ஒற்றைக் கையிலிருந்து முழு உடம்பு. அவள் அதைக் காட்டிவிட்டு, ஒடிந்த கையைக் காட்டினாள். மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. தலையணைகளில் சில உப்பவே இல்லை, வைத்த இடத்தில் துணி மாதிரி கிடந்தன. மற்றவை பாறையைப் பற்றிக்கொண்டு மெல்லத் தண்ணீர் குடிக்கத் தொடங்கின. என்னால் முடிந்தது அவ்வளவுதான், மிச்சம் கடலின் பாடு.

 துறையில் எல்லோரும் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் மேனேஜர் மட்டும் நின்றார். நான் படகில் சிலிண்டர்களை அடுக்குகிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உங்களை வேண்டாம்னு எழுதித் தர்றதாதான் இருந்தேன்" என்றார் என் மகளிடம்.

அவள் தலை குனியவில்லை. ஏன் சார் என்று கேட்டாள்.

"பெல்ட் பக்கத்துல ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. சேந்ததுலேருந்து நீங்க அதை ஒரு தடவைகூட அழுத்தல. விரிசல் புட்டி வருது, நீங்க பாக்கறீங்க, தயங்கறீங்க, அது போயிடுது. நிறுத்துன்னு சொல்லத் தெரியாதவங்களை அங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" கேமரா வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார். "இன்னிக்கு என்னையே நிறுத்திட்டீங்க. வேற மாதிரிதான் எழுதணும்."

சிரிக்காமல்தான் சொன்னார். முகத்தில் கடுப்பு அப்படியே இருந்தது. என் பக்கம் திரும்பி, உங்கள் வாயைப் பற்றிக் கேப்டன் ரொம்பச் சொன்னார், எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கக் கிடைக்கவில்லையே என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எந்த வாய்க்குப் பயந்து நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோமோ, அது அவளிடம் இல்லாததுதான் குறையாம். போகட்டும், வேலை நிலைத்துவிட்டது என்று சிலிண்டரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

அவர் நின்றார். நானும் எழுந்துவிட்டேன்.

"போன வாரம் நான் பாத்து விட்ட புட்டிங்கள்ல விரிசல் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சேதான் விட்டேன். அதெல்லாம் இன்னும் கிடங்குலதான் இருக்கு, நாளைக்கு லாரி ஏறுது. ஏறக் கூடாது சார்."

சும்மா இருடி என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையில் கிடைத்த வேலையை, கிடைத்த சூட்டிலேயே கடலில் எறிகிறாளே. என் ஆயுளில் இன்னொருத்தரைப் பேசாதே என்று சொல்ல நான் நினைத்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் அந்தப் புட்டியில் மருந்து ஊற்றுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மேனேஜர் அவளையே பார்த்தார். அதில் எத்தனை பெட்டி மோசமாக இருக்கும் என்று கேட்டார். எல்லாவற்றையும்தான் பிரித்துப் பார்க்க வேண்டும், எது என்று தன்னால் சொல்ல முடியாது, தானே உட்கார்ந்து பார்ப்பதாக அவள் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கிடங்குக்குப் போட்டு, நாளைக்கு லாரியில் ஒரு பெட்டிகூட ஏற்ற வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் இருந்த ஆள் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும்.

மேனேஜர் என் மகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "தரம் பாக்கறவங்க நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல என்னை ஒன்னும் கேக்காதீங்க."